ஆறு பவுண்டு எண்பத்தைந்து பென்ஸ்

இஷ்பெல் கிளெனி பட்ட கடன் சரியாக ஆறு பவுண்டு எண்பத்தைந்து பென்ஸ். ஒரு டீ, பன்றி இறைச்சி வைத்த ஒரு ரொட்டி. கடன்பட்ட இடம் எடின்பரோவில், நீதிமன்றத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில், ஜீன் அம்மாளின் டீக்கடை.

யாரிடம் பட்டாள் என்பதில்தான் வில்லங்கமே...

அன்றைக்கு மழை மேலிருந்து பெய்யவில்லை. அந்த ஊர் வழக்கப்படி கடல் பக்கமிருந்து சாய்ந்து வந்து, ஆளின் காது வழியாக உள்ளே நுழையப் பார்த்தது. எல்லைப்புறத்து ஊரிலிருந்து முதல் ரயிலில் வந்து இறங்கியவள், குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டே கடைக் கதவைத் தள்ளினாள். அதே நொடி உள்ளேயிருந்து ஒருவன் கதவை இழுத்தான். காற்று குடையைப் பிடுங்கி, தலைகீழாகத் திருப்பி, கம்பியோடு கொண்டுபோய் அவன் நெஞ்சில் குத்தியது. அவன் கையிலிருந்த காபி முழுக்க அவன் கோட்டுக்கே போய்ச் சேர்ந்தது.

"கண்ணு தெரியாதா உங்களுக்கு?" குத்தியவளே முந்திக்கொண்டாள்.

"நல்லாத் தெரியுதுங்க. குத்தினது நீங்க, திட்டு எனக்கா? நீங்க என்ன வக்கீலா?"

"பார்த்தா அப்படியா இருக்கு?"

"இல்ல. வக்கீலுங்க இவ்வளவு நேரா குத்த மாட்டாங்க."

சிரிக்கக் கூடாது என்று இருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் அவன் கண்ணைப் பார்த்தாள். சாம்பல் நிறம். இஷ்பெல் கம்பளி ஆலையில் வேலை செய்கிறவள். நெய்து வந்த துணியில் அறுந்த இழையை ஊசியால் சேர்ப்பது அவள் வேலை. ஆலையில் நாற்பது வகைச் சாம்பல் நிறத்தில் நூல் இருந்தது. இந்த நிறம் அந்த நாற்பதில் இல்லை... மழைக்கு முன்னால் ஆற்றின்மேல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகுமே, அந்த நிறம்.

டீயும் ரொட்டியும் வாங்கி, பாதி தின்றபிறகுதான் பையைத் துழாவினாள். பர்ஸ் இல்லை. வீட்டில் இன்னொரு கோட்டில் இருந்தது. போன் நனைந்து செத்துக் கிடந்தது. டிக்கெட் எடுத்துக் கூட்டிவந்த அப்பா, வக்கீலைப் பார்க்க முன்னாடியே போய்விட்டார். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, கோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவன் எழுந்தான். கவுன்ட்டரில் குனிந்து என்னவோ சொன்னான். ஜீன் அம்மாள் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

"முடிஞ்சிடுச்சு. நிம்மதியா சாப்பிடுங்க" என்றான்.

"தர்மத்துக்குச் சாப்பிடற வழக்கம் எங்க வீட்ல இல்லைங்க. இன்னிக்கே திருப்பிக் குடுத்துடறேன். உங்க பேரு?"

"ஃபின்லே. இங்க கோர்ட்டுலதான் வேலை."

"நான் இஷ்பெல். எனக்கும் இன்னிக்கு அங்கதான்... வேலைன்னு சொல்ல முடியாது. தலையெழுத்து."

அந்தத் தலையெழுத்து இதுதான். கிளெனி கம்பளி ஆலையில் பாதி அவள் அப்பா ஆடத்துக்கு, பாதி பெரியப்பா ஆர்ச்சிக்கு. அவர்கள் ஊரில் ஜூன் மாதம் குதிரைத் திருவிழா. பழைய ஊர் எல்லையை ஊரே குதிரை ஏறிச் சுற்றிவரும் நாள். அன்றைக்கு ஆலை ஓடாது, கடை திறக்காது, யாரும் யாரிடமும் கணக்குப் பேச மாட்டார்கள். போன ஜூனில் அப்பா குதிரைமேல் இருந்த அதே காலையில், பெரியப்பா தன் மருமகனை மட்டும் உட்கார வைத்து இயக்குநர் கூட்டம் போட்டார். புதுப் பங்குகளை வெளியிட்டு அத்தனையையும் தன் பெயருக்கே எழுதிக்கொண்டார். மாலையில் ஊர்வலம் திரும்பியபோது அப்பாவின் பாதி ஒரு கரண்டி அளவுக்குச் சுருங்கியிருந்தது. இனி ஆலையை இழுத்து மூடி அடுக்குமாடி கட்ட விற்றாலும் ஏன் என்று கேட்க அவருக்கு வழியில்லை.

கோர்ட்டுக்குப் போனார்கள். மூன்று நாள் முன்னால் அறிவிப்பு கொடுத்தாயிற்று, அது போதும் என்று நீதிபதி சொல்லிவிட்டார். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் இந்த அறிவிப்புக் கேள்வி போனால் மீதி வெறும் கூடு. இதன்மேல் மட்டும் மேல்முறையீடு போகலாம். அதற்கு அனுமதி வேண்டும். அனுமதி தர வேண்டியவர் யார் என்றால், தோற்கடித்த அதே நீதிபதி! நீங்கள் சொன்னது தப்பு என்று மேலே போய்ச் சொல்கிறோம், கொஞ்சம் வழி விடுங்கள் என்று அவரிடமே கைகட்டி நிற்க வேண்டும். இன்று அதற்குத்தான் நாள்.

*

நீதிமன்றத்துக்குள் நீளமான ஒரு கூடம். மேலே கருத்த மர உத்திரங்கள். ஒரு கோடியில் வண்ணக் கண்ணாடி ஜன்னல். கருப்பு அங்கி போட்ட வக்கீல்கள் இரண்டிரண்டு பேராக ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடப்பதும் திரும்புவதுமாக இருந்தார்கள்.

அப்பாவின் வக்கீல் பாலன்டைன் அம்மையார் உள்ளே எதையோ படித்துக்கொண்டிருந்தார். அப்பா பெஞ்சில் தொப்பியைப் பிசைந்துகொண்டிருந்தார். இஷ்பெல்லுக்குச் சும்மா நிற்க முடியவில்லை. அவளும் நடந்தாள். தனியாக. கொஞ்ச தூரம் போனதும் பக்கத்தில் ஒரு காலடி. நின்றாள், அதுவும் நின்றது. திரும்பினாள்.

"என்ன, பின்னாடியே வர்றீங்க? ஆறு பவுண்டுக்கா இவ்வளவு துரத்தல்?"

"ஐயோ, மெதுவா!" ஃபின்லேயின் தோளில் இப்போது கருப்பு அங்கி. "இங்க தனியா நடந்தா ஆள் கொஞ்சம் கழண்டவங்கன்னு நினைப்பாங்க. அங்க ரெண்டு பெரியவங்க உங்களையே பார்த்துட்டு இருக்காங்க. ஜோடி இல்லாம தவிக்கறீங்களேன்னு மானத்தைக் காப்பாத்த வந்தேன்."

"ஏன் இப்படி எல்லாரும் நடக்கறாங்க? நாற்காலி இல்லையா?"

"நின்னு பேசினா ஒட்டுக்கேட்பாங்க. நடந்துகிட்டே இருந்தா யாருக்கும் அரை வாக்கியத்துக்கு மேல கிடைக்காது. அதனால இங்க ஒரு விதி. நடுவுல நிக்கவே கூடாது."

நடந்தார்கள். ஒரு கோடியில் அவள் சிரித்தால், மறுகோடி வந்ததும் அவன் சிரித்தான். அவன் அங்கியின் ஓரம் ஓரிடத்தில் தையல் விட்டுத் தொங்கியது. இஷ்பெல்லின் விரல் ஊசியைத் தேடித் தானாக ஒருமுறை மடங்கியது. சீ, என்ன இது... வந்த வேலை என்ன, நினைப்பு எங்கே போகிறது...

"குதிரை ஏறத் தெரியுமா உங்களுக்கு?" என்றாள் திடீரென்று.

"குதிரைக்கு என்னைக் கண்டா ஆகாது. எனக்கும் அதைக் கண்டா ஆகாது. ரெண்டு பேரும் தூரமா இருந்து மரியாதையா நடந்துக்கறோம். ஏன்?"

"எங்க ஊர்ல ஏறத் தெரியாதவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்க, அதான்..." சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். காது மடல் சுட்டது. பேச்சை மாற்ற வேகமாகச் சொன்னாள். "எங்க குடும்பத்துல குதிரையாலதான் சண்டையே. எங்க பெரியப்பா இருக்காரே, திருவிழா அன்னிக்குப் பார்த்து இயக்குநர் கூட்டம் போட்டு..."

ஃபின்லே நின்றுவிட்டான்.

கூடத்தின் நட்டநடுவில். பின்னால் வந்த ஜோடி அவன்மேல் முட்டப் போய் விலகியது. அத்தனை தலையும் திரும்பியது. அவன் முகத்தில் இருந்த சிரிப்பைக் காணோம்.

"மேல ஒரு வார்த்தை சொல்லாதீங்க" என்றான். "தயவுசெஞ்சு. என்கிட்ட பேசாதீங்க."

அங்கி பறக்கத் திரும்பி நடந்தான். இஷ்பெல் அங்கேயே நின்றாள். நிற்கக் கூடாத இடத்தில், தனியாக. நெஞ்சுக்குள் ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. என்ன சொல்லிவிட்டேன்? பொண்ணு குடுக்கறது என்று உளறினேனே, அதற்கா? அதற்கா இப்படி மூஞ்சியில் அடித்த மாதிரி...

இரு. அந்த ஆறு பவுண்டை எறிகிறேன் பார். இன்றைக்கே!

*

சிறிய கோர்ட் அறை. எதிர்ப்பக்க மேசைக்குப் பின்னால் பெரியப்பா ஆர்ச்சி, ஊன்றுகோலோடு. அவருக்கு முன்னால் அங்கியில் ஒரு முதுகு. அங்கியின் ஓரத்தில் தையல் விட்டிருந்தது.

காலையில் கூடவே நடந்த அதே அங்கி.

"எதிர்மனுதாரர் சார்பாக நான் ஆஜராகிறேன், மை லார்ட்" என்றான் ஃபின்லே. "மூத்த வக்கீலுக்கு நேற்று தொண்டை கட்டிவிட்டது. வழக்குக் கட்டு என் கைக்கு இரவுதான் வந்தது."

பாலன்டைன் அம்மையார்தான் முதலில் பேசினார். மூன்று நாள் என்பது காகிதத்தில் சரி. ஆனால் அந்த ஊரில் அந்த நாளில் கூட்டம் வைப்பது, கிறிஸ்துமஸ் காலையில் வைப்பதற்குச் சமம். யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்தே வைத்த கூட்டத்துக்குக் கொடுத்த அறிவிப்பு, நியாயமான அறிவிப்பாகுமா? மேலே இருப்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

பிறகு ஃபின்லே. கெட்டிக்காரன். அறிவிப்பு வந்தது, வாசிக்கப்பட்டது, வேறு நாள் வையுங்கள் என்று யாரும் கேட்கவில்லை, ஊருக்கு ஊர் திருவிழா பார்த்தால் எந்தக் கம்பெனியும் கூட்டம் நடத்த முடியாது என்று ஒவ்வொன்றாக அடுக்கினான். ஒவ்வொன்றும் செங்கல் மாதிரி நின்றது. இஷ்பெல்லுக்கு அவன்மேல் வந்த ஆத்திரத்தில் பாதி, அவன் இவ்வளவு நன்றாகப் பேசுகிறானே என்பதற்குத்தான்.

நீதிபதி மூக்கை உறிஞ்சினார். சளி. "ஒரு சந்தேகம். அந்த ஊரில் எல்லாரும் குதிரை ஏறும் நாள் என்றால், உங்கள் கட்சிக்காரர் மட்டும் எப்படி அலுவலகத்தில் இருந்தார்?"

ஃபின்லே திரும்பிப் பார்த்தான். பெரியப்பா ஊன்றுகோலை இறுக்கிக்கொண்டு முணுமுணுத்தார். "முட்டி வலி."

"முட்டி வலி, மை லார்ட்."

"ஆக, குதிரை ஏற முடியாத ஒரே மனிதர் கூட்டம் போட்டிருக்கிறார்." நீதிபதி கைக்குட்டையை மடித்தார். "நான் சொன்ன தீர்ப்பு சரி என்றே இன்னமும் நினைக்கிறேன். ஆனால் நான் எடின்பரோக்காரன். குதிரை ஏறியதில்லை. என்னைவிடப் பெரியவர்கள் மூன்று பேர் இதைப் பார்ப்பதில் தப்பில்லை. மேல்முறையீட்டுக்கு அனுமதி தரப்படுகிறது."

அப்பா தொப்பியைக் கீழே போட்டுவிட்டு இஷ்பெல்லைக் கட்டிக்கொண்டார். "கண்ணு... கண்ணு..." அவ்வளவுதான் வந்தது அவர் வாயில்.

அவர் தோள்வழியே எதிர்ப்பக்கம் பார்த்தாள். தோற்றவன் காகிதங்களைக் கட்டிக்கொண்டே அவளைப் பார்த்து மெல்லச் சிரித்தான். பிறகு என்னவோ நினைவு வந்தவன் போல, அந்தச் சிரிப்பு அப்படியே வற்றிப் போனது.

*

வெளியே வந்ததும் பாலன்டைன் அம்மையாரிடம் பொரிந்தாள். "அந்த ஆளு காலைல எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு! இந்தக் கூடத்துல கூடவே நடந்தாரு! எதிர்க்கட்சின்னு ஒரு வார்த்தை..."

"அவனுக்கு எப்படிம்மா தெரியும்? தெரிஞ்ச அடுத்த நிமிஷம் என்கிட்ட ஓடி வந்தான். 'உங்க கட்சிக்காரர் பொண்ணுன்னு தெரியாம பேசிட்டேன், வழக்கைப்பத்தி அரை வாக்கியம் கேட்டுட்டேன், அதுக்குமேல கேக்கல'ன்னு சொல்லிட்டுப் போனான். முகத்துல ரத்தமே இல்ல. நீ மீதியைச் சொல்லியிருந்தா, கேட்டுக்கிட்டே வந்திருக்கலாம் அவன். பல பேர் கேட்டிருப்பாங்க."

இஷ்பெல்லின் கோபம் நனைந்த குடை போலத் துவண்டது. அதனாலா நின்றான்... ஊரே பார்க்க நடுக்கூடத்தில்...

கூடத்தின் மறுகோடியில் அவன் தனியாக நின்றிருந்தான். போனாள். ரயில் செலவுக்கென்று அப்பாவிடம் வாங்கிய பத்து பவுண்டு நோட்டு கையில்.

"உங்க காசு."

"வாங்கக் கூடாதுங்க. வழக்கு நடக்கற வரைக்கும் எதிர்க்கட்சிகிட்ட இருந்து ஒரு பென்னி வாங்கினாலும் தப்பு."

"வழக்கு எப்போ முடியும்?"

"இப்பதான் மேல போக அனுமதி வாங்கிட்டீங்களே..." அவன் கண்ணாடி ஜன்னலைப் பார்த்துச் சொன்னான். "ஒரு வருஷம். கூடவும் ஆகலாம். அதுவரைக்கும் உங்ககூட ஒரு டீ குடிக்கக்கூட முடியாது. உங்களுக்கு அனுமதி கிடைக்கக் கூடாதுன்னு நான் பேசினது என் வேலை. ஆனா கிடைச்சப்போ..." நிறுத்திக்கொண்டான். "வாழ்த்துகள், மிஸ் கிளெனி."

மிஸ் கிளெனி! காலையில் இஷ்பெல்லாக இருந்தவள்.

ஜெயித்துவிட்டு இப்படி அழுகை வருமா ஒருத்திக்கு? தோற்றிருந்தால் ஆலை போயிருக்கும். ஜெயித்ததால் இவன் போகிறான். இதென்ன கணக்கு?

அவள் திரும்பிப் பார்த்தாள். ஒரு பெஞ்சில் அப்பா. எதிர்ப் பெஞ்சில் பெரியப்பா. ஜூனிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள், ஒரே மாதிரி முன்னால் குனிந்து, ஒரே மாதிரி தொப்பியைப் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

விறுவிறுவென்று அப்பாவிடம் போனாள். "எழுந்திருங்க. பெரியப்பாவோட நடங்க."

"அவன்கூடவா? நானா? போடி!"

"காலைல உங்ககிட்ட ஒண்ணும் இல்ல. பேசியிருந்தா கெஞ்சல். இப்போ அனுமதி கையில இருக்கு, அவரும் பயந்து போயிருக்காரு. இன்னும் ஒரு வருஷம் வக்கீலுக்குக் கொட்டிக் குடுத்துட்டு அப்புறம் பேசப் போறீங்களா? அதுக்குள்ள ஆலையில தறி மிஞ்சுமா?"

"முதல்ல அவன் வரட்டும்."

"அவருக்கு முட்டி வலிப்பா."

அப்பா அந்த ஊன்றுகோலைப் பார்த்தார். பிறகு எழுந்தார். எதிர்ப் பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றார். "டேய் ஆர்ச்சி, வாடா, நடப்போம். இங்க உட்கார்ந்து பேசினா ஒட்டுக்கேட்பாங்களாம்."

அண்ணனைப் பெயர் சொல்லி 'டா' போட்டுக் கூப்பிட அந்த ஊரில் அவருக்கு மட்டும்தான் உரிமை. ஆர்ச்சி ஊன்றுகோலைத் தரையில் ஊன்றினார்.

நடந்தார்கள். இஷ்பெல்லுக்கு விதிப்படி அரை அரை வாக்கியம்தான் கிடைத்தது. போகும்போது, "திருட்டுப் பயலே, என் பாதிய..." வரும்போது, "ஊரே குதிரை ஏறிப் போனீங்க, முட்டி எப்படி இருக்குன்னு ஒருத்தன் என் வாசல்ல நின்னு கேட்டீங்களாடா? நீ கேட்டியா?" அடுத்த சுற்றில் ஊன்றுகோல் சத்தம் மட்டும். அதற்கடுத்த சுற்றில் அவள் வேறொன்றைக் கண்டாள். எப்போதும் வேகமாக நடக்கும் அப்பா, அண்ணனின் நொண்டல் நடைக்குத் தன் நடையை அளந்து வைத்துக்கொண்டிருந்தார்.

கூடம் காலியாகிற வரைக்கும் நடந்தார்கள். கடைசியாகப் பெரியப்பா நின்று, தன் வக்கீலைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, நல்லாத்தான் பேசினே. இப்போ போய் அந்தப் புதுப் பங்கையெல்லாம் வாபஸ் வாங்கறதுக்கு என்ன எழுதணுமோ எழுது. அவன் பாதி அவனுக்கே. ஆலையை விக்கறதில்ல."

"பதிலுக்கு நீங்க என்ன கேக்கறீங்க, சார்?"

"அடுத்த ஜூன்ல எனக்கு ஒரு குதிரை வண்டி."

*

கையெழுத்து முடிய மூன்று வாரம் ஆனது. கடைசிக் கையெழுத்து விழுந்த மதியம், இஷ்பெல் ஜீன் அம்மாளின் கடைக் கதவைத் தள்ளினாள். வெளியே அதே சாய்ந்த மழை. இந்தத் தடவை குடையை மடக்கிக் கொண்டு வந்திருந்தாள். மூலை மேசையில் ஃபின்லே எழுந்து நின்றான். எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது.

அவள் சில்லறையை மேசையில் அடுக்கினாள். "எண்ணிக்கோங்க. ஆறு எண்பத்தஞ்சு. வழக்கு முடிஞ்சாச்சு."

அவன் எடுக்கவில்லை. காது மட்டும் சிவந்தது. ஜீன் அம்மாள் கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து விழுந்து விழுந்து சிரித்தார். "ராசா, நீயா சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"அம்மா, சும்மா இருங்க..."

"எனக்குப் பின்னாடி பாரு கண்ணு."

இஷ்பெல் பார்த்தாள். அன்றைய சூப் என்னவென்று எழுதும் கரும்பலகை. அதன் மூலையில் சாக்பீஸில்: ஃபின்லே – 6.85.

"அன்னிக்கு கார்டு போடற மிஷின் படுத்துடுச்சு. இவன்கிட்ட காசும் இல்ல. எழுதி வைங்கம்மான்னான். மறுநாள் வந்தான், எல்லாத்துக்கும் குடுத்தான், இதை மட்டும் அழிக்க விடல. தினமும் நான் துணியை எடுப்பேன், தினமும் கையைப் பிடிப்பான்."

"அப்போ அன்னிக்கு நீங்க காசே குடுக்கலையா? முடிஞ்சிடுச்சு, நிம்மதியா சாப்பிடுங்கன்னு என்னமா பேசினீங்க!"

"குடுத்திருந்தா..." ஃபின்லே மேசையைப் பார்த்தான். கோர்ட்டில் செங்கல் அடுக்கியவனுக்கு இப்போது வார்த்தை தடுக்கியது. "அதை அழிச்சிட்டா நமக்குள்ள ஒண்ணுமே மிச்சம் இல்லைன்னு தோணிச்சு. ஒரு வருஷம் இந்தப் பலகையைப் பார்த்துக்கிட்டே ஓட்டிடலாம்னு... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, இஷ்பெல். குடை குத்தின நொடியில இருந்து."

மழை கண்ணாடியில் ஓடியது. அந்த நாற்பத்தோராவது சாம்பல் நிறம் நிமிர்ந்து அவளைப் பார்த்தது.

"எனக்கு அப்போ இல்ல" என்றாள் அவள். "நட்டநடுக் கூடத்துல நின்னீங்களே... என் வாய மூடச் சொல்லிட்டு... அப்போலேருந்து. ஆனா அது அன்னிக்கு எனக்கே தெரியல."

"அப்போ குதிரை?"

"வண்டியில பெரியப்பா பக்கத்துல இடம் இருக்கு. உட்கார்ந்து வாங்க. முதல்ல அந்த அங்கியைக் குடுங்க, ஓரம் தைக்கணும். பார்த்த நாள்லேருந்து கை அரிக்குது."

அவள் சில்லறையை வாரி எடுத்து, கவுன்ட்டரில் ஜீன் அம்மாளின் முன்னால் கொட்டினாள். அவர் எண்ணவில்லை. ஈரத்துணியை எடுத்தார். இந்தத் தடவை யாரும் அவர் கையைப் பிடிக்கவில்லை. ஃபின்லேயின் கைக்கு அப்போது வேறு கை கிடைத்திருந்தது. ஒரே இழுப்பு. பலகையில் சூப்பின் பெயர் மட்டும் நின்றது.